தியாகராஜ சரித்திரம் (கதாகாலட்சேபம்)

தியாகராஜ சரித்திரம் என்பது கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான தியாகராஜரின் (1767 - 1847) வாழ்க்கையையும் இசை பற்றிய அவருடைய கருத்துகளையும் பாட்டு, உரை, நடிப்பு ஆகிய மூன்றும் கலந்து ஒரே கலைஞர் மேடையில் நிகழ்த்திக் காட்டும் கதாகாலட்சேபம் ஆகும். அரிகதை என்றும் இக்கலை வழங்கப்படுகிறது. ஒருவர் எழுதி முடித்த நாடகநூலன்று இது. ஒவ்வொரு பாகவதரும் வழிவழியாகக் கேட்ட கதைகளையும் தியாகராஜரின் கிருதிகளையும் தம் விருப்பப்படி கோத்து அமைத்துக்கொள்வதால், ஒரே பெயரில் பல சரித்திரங்கள் வழக்கில் உள்ளன. தெய்வங்களையும் அடியார்களையும் பாடுவதற்கென வளர்ந்த ஒரு மேடைக்கலை, அண்மைக் காலத்தில் வாழ்ந்த ஓர் இசைப்புலவரைக் கதைத்தலைவராகக் கொண்டது என்பது இதன் சிறப்பு. அப்படிக் கொண்டபோது, புதிய இராகங்களையும் புதிய பாடல் அமைப்பையும் சோதித்துப் பார்த்த இசைப்புலவர் ஓரளவு மறைந்து அடியார் முன்னுக்கு வந்தார் என்பதும் உண்மையே.

கலை வடிவம்

தஞ்சாவூரை மராத்திய மன்னர்கள் 1676 முதல் 1855 வரை ஆண்டனர். அவர்கள் காலத்தில் சமர்த்த இராமதாசர் வழிவந்த மடங்களும் மராத்தியக் கீர்த்தனக் கலையும் தஞ்சையில் வேரூன்றின. 1860களில் தஞ்சைக்கு வந்த இராமச்சந்திர மோர்காங்கர் என்ற மராத்தியக் கீர்த்தனக்காரரின் நிகழ்ச்சிகள் உள்ளூர்க் கலைஞர்களைப் பெரிதும் கவர்ந்தன. அம்முறையைத் தமிழ்நாட்டுக் கதை சொல்லும் மரபோடும் கருநாடக இசையோடும் இணைத்து இன்றைய கதாகாலட்சேபத்துக்கு உருவம் கொடுத்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் ஆவார். தமிழில் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை ஆகும். ஓர் அடியாரின் வாழ்க்கையைத் தொடர்ச்சியான கீர்த்தனைகளாகப் பாடி, இடையிடையே உரை சொல்லிச் செல்லும் முறை அந்நூலால் பரவியது.

நிகழ்ச்சியில் பாகவதர் நின்றுகொண்டே பாடிப் பேசுவார். கையில் சிப்ளாக்கட்டை இருக்கும். பின்பாட்டுக்காரர் ஒருவர் அல்லது இருவர், ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா ஆகியவை துணை நிற்கும். முதலில் பஞ்சபதி எனப்படும் வணக்கப் பாடல்கள், அடுத்து அன்றைய கதையின் கருத்தைச் சொல்லும் முன்னுரை, பின்னர் நிரூபணம் எனப்படும் கதைப்பகுதி, முடிவில் மங்களம் என்பது வழக்கமான ஒழுங்கு. சாகி, திண்டி, ஓவி, அபங்கம், கட்கா முதலிய மராத்திய மெட்டுகள் கதையை விரைவாக நகர்த்தப் பயன்படுகின்றன. தமையன், மனைவி, அரண்மனைத் தூதர், வழிப்பறிக் கள்வர் என எல்லாப் பாத்திரங்களும் பாகவதர் ஒருவரே. குரலை மாற்றியும் பக்கம் திரும்பியும் மேல்துண்டை இடம் மாற்றியும் அவர் ஆள் மாற்றத்தைக் காட்டுவார். திரையோ ஒப்பனையோ இல்லாத ஓராள் நாடகம் என்று இதனைச் சொல்லலாம்.

தியாகராஜ சரித்திரத்தில் இவ்வமைப்புக்கு ஒரு தனி வசதி உண்டு. பிற கதைகளில் கதைக்கேற்ற பாடலைப் பாகவதர் எங்கிருந்தாவது தேடி எடுக்க வேண்டும். இங்கோ கதைத்தலைவரே பாடல்களை எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். கடைசியில் பாடப்படும் மங்களமும் பெரும்பாலும் அவருடையதே.

கதையின் மூலங்கள்

தியாகராஜர் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதி வைத்த வரலாறு எதுவும் இல்லை. அவருடைய மாணவரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த குறிப்புகளே மிகப் பழைய சான்றுகள். வாலாஜாபேட்டைச் சுவடிகள் பின்னர் மதுரை சௌராட்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர் கிருதிகளோடு வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். 1927இல் எம். எஸ். இராமசாமி ஐயரின் ஆங்கில நூல் வெளிவந்தது. பி. சாம்பமூர்த்தி, வே. இராகவன் ஆகியோரின் ஆய்வுகள் அதன் பின் வந்தன. அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஜாக்சன் 1991இல் வெளியிட்ட நூல், தியாகராஜரைப் பற்றிய கதைகள் தலைமுறை தோறும் எவ்வாறு வளர்ந்தன என்பதை விரிவாக ஆராய்கிறது.

மேடையில் சொல்லப்படும் சரித்திரம் இந்நூல்களை ஓரளவே பின்பற்றுகிறது. அதன் பெரும்பகுதி, குறிப்பிட்ட ஒரு பாடல் எந்தச் சூழலில் பிறந்தது என்று விளக்கும் கதைகளால் ஆனது. பாடலின் பொருளிலிருந்து நிகழ்ச்சி உய்த்துணரப்பட்டதா, நிகழ்ச்சியிலிருந்து பாடல் பிறந்ததா என்பதைப் பல இடங்களில் பிரித்தறிய இயலாது.

கதைப்போக்கு

திருவாரூரில் இராமபிரம்மம், சீதம்மா ஆகியோருக்கு மகனாகப் பிறந்து, குடும்பத்தோடு திருவையாற்றுக்குக் குடிபெயர்ந்து, சொண்டி வேங்கடரமணய்யாவிடம் இசை பயின்றது வரையான இளமைப் பருவத்தைப் பெரும்பாலான பாகவதர்கள் சுருக்கமாகச் சொல்லி முடிக்கின்றனர். காஞ்சிபுரத்துப் பெரியவர் ஒருவரின் சொற்படி 96 கோடி முறை இராம நாமம் செபித்தது அடுத்து வரும்.

தஞ்சை அரண்மனை நிகழ்ச்சியே கதையின் முதல் உச்சம். மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக் காலம் 1798 - 1832) தம்மைப் புகழ்ந்து பாடுமாறு பொன்னும் பொருளும் அனுப்பினார் என்றும், தியாகராஜர் மறுத்து "நிதி சால சுகமா" என்ற கல்யாணி இராகக் கிருதியைப் பாடினார் என்றும் கதை செல்கிறது. செல்வம் இன்பம் தருமா, இறைவன் திருமுன் நிற்பது இன்பம் தருமா என்று மனத்தை நோக்கி வினவும் பாடல் அது. மனிதரைப் புகழ்ந்து பாடுவதை அது இகழ்கிறது. ஆனால் எந்த மன்னரின் பெயரும் அதில் இல்லை. மேடையில் இந்த வேறுபாடு தோன்றுவதில்லை. தூதர் தட்டை நீட்டுவதும், தியாகராஜர் விலகி நிற்பதும், பல்லவி எழுவதும் ஒரே அசைவாக நிகழ்ந்துவிடும்.

வரும்படியை இழந்த தமையன் சினம் கொண்டு, தியாகராஜர் வழிபட்ட இராமர் திருவுருவங்களைக் காவிரியில் எறிந்தது இரண்டாவது உச்சம். உருவங்களைத் தேடி அலையும் துயரம் தோடி இராகத்திலும், மீண்டும் கண்டெடுத்த மகிழ்ச்சி "கனுகொண்டினி" என்ற பிலகரி இராகக் கிருதியாலும் காட்டப்படுகின்றன. அழுகையிலிருந்து களிப்புக்கு மாறும் இவ்விடத்தில் பாகவதரின் குரல்வளம் சோதனைக்கு உள்ளாகும். நல்ல கலைஞர் இங்கே பேச்சைக் குறைத்து இராகத்தையே பேசவிடுவார்.

பின்னர்த் திருப்பதி யாத்திரை. சன்னதியில் திரை மூடியிருக்க, தம் உள்ளத்துப் பொறாமைத் திரையை விலக்குமாறு வேண்டிக் கௌளிபந்து இராகத்தில் பாடியது, வழியில் கள்வர் சூழ்ந்தபோது தர்பார் இராகத்தில் இராம இலக்குவரைத் துணைக்கு அழைத்தது, கிணற்றில் வீழ்ந்து இறந்தவரை எழுப்பியது என அற்புதங்கள் தொடர்கின்றன. இறுதியில் துறவு பூண்டு, 1847 சனவரி 6 அன்று காவிரிக் கரையில் சமாதி அடைந்ததோடு நிரூபணம் நிறைவடைகிறது.

உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சியைச் சிலர் சேர்த்துச் சொல்வதுண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் திருவையாறு சென்றபோது தியாகராஜரின் மாணவர்கள் ஆபோகி இராகக் கிருதி ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர். அந்த இராகத்தில் தாங்கள் ஏதேனும் இயற்றியது உண்டா என்று தியாகராஜர் கேட்க, இல்லை என்ற பாரதியார் மறுநாளே "சபாபதிக்கு" என்ற ஆபோகிக் கீர்த்தனையை இயற்றிப் பாடிக்காட்டினார் என்பர். அற்புதம் ஏதும் இல்லாத, இரண்டு கலைஞர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசிக்கொள்ளும் காட்சி இது. சரித்திரம் முழுவதிலும் இத்தகைய காட்சி அரிது.

சுரார்ணவம்

தியாகராஜர் இசையில் செய்த புதுமைகளைக் கதாகாலட்சேபம் ஒரே ஒரு காட்சியில் அடக்கிவிடுகிறது. நாரதர் துறவி வடிவில் வந்து, சில சுவடிகளைக் கொடுத்துவிட்டு நீராடிவரச் சென்றவர் திரும்பவே இல்லை. இரவில் கனவில் தோன்றி, அச்சுவடிகள் உனக்கே என்று அருளினார். "சுரார்ணவம்" என்ற அந்த நூலைக் கற்றே தியாகராஜர் யாரும் கேளாத இராகங்களைப் பாடினார் என்பது கதை.

சுரார்ணவம் என்ற பெயர் தியாகராஜரின் சங்கராபரண இராகக் கிருதி ஒன்றில் வருவது உண்மையே. ஆனால் அங்கே அது சிவபெருமான் பார்வதிக்கு உணர்த்திய இசை மறைபொருள் என்றே குறிப்பிடப்படுகிறது. நாரதர் சுவடி கொடுத்த செய்தி அப்பாடலில் இல்லை. நாரதரைக் குருவாகப் போற்றி அவர் தனியே சில கிருதிகள் இயற்றியுள்ளார். இவ்விரண்டும் சேர்ந்து மேற்கண்ட கதை உருவாகியிருக்கலாம்.

இக்கதை எதனை விளக்க முயல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று கரகரப்பிரியா கச்சேரிகளின் பெரிய இராகங்களுள் ஒன்று. "சக்கனி ராஜ" முதலிய தியாகராஜ கிருதிகளே அதற்கு அந்த இடத்தைப் பெற்றுத் தந்தன. நளினகாந்தி, சாரமதி, சித்தரஞ்சனி, செயந்தசிரீ போன்ற இராகங்களில் அவர் ஒவ்வொரு கிருதியே இயற்றினார். அந்த ஒரு பாடலின் வழியாகவே அவ்விராகங்களின் வடிவம் பிற்காலத்தவருக்குத் தெரியவந்தது. ஆரோகண அவரோகணமாக ஏட்டில் மட்டும் இருந்த ஒரு சுர வரிசையைப் பாடத்தக்க இராகமாக மாற்ற இயலுமா என்று ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்த முயற்சி இது. சரபோஜியின் அரண்மனையில் மேனாட்டுப் பாண்டு வாத்தியக் குழு இருந்த காலம் அது. அந்த ஓசையின் சாயலும் தியாகராஜரின் சில பாடல்களில் கேட்கிறது.

சங்கதி என்பது அவர் வளர்த்தெடுத்த மற்றொரு புதுமை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக மாற்றி, எளிய வடிவிலிருந்து செறிந்த வடிவுக்குக் கொண்டுசெல்வது சங்கதி எனப்படும். அவருக்கு முன்னரும் இதன் தொடக்கங்கள் இருந்தன எனினும், கிருதியின் உயிரான உறுப்பாக இதனை ஆக்கியவர் தியாகராஜரே என்பது பொதுக் கருத்து. சொல் மாறாமல் பொருள் ஆழ்ந்துகொண்டே போகும் இம்முறையால் பாடல் ஒரு கருத்தைச் சிந்தித்துப் பார்க்கும் செயலாகவே ஆகிவிடுகிறது.

இவ்வளவையும் மேடையில் விளக்குவது எளிதன்று. நாரதர் சுவடி தந்தார் என்றால் அவையோர் ஒரு நொடியில் புரிந்துகொள்வர். ஆனால் அவ்வாறு சொல்லும்போது, பல்லாண்டுக் காலம் பாடிப் பாடித் தேர்ந்த ஒரு மனிதரின் உழைப்பு, கேட்டுப் பெற்ற வரமாகச் சுருங்கிவிடுகிறது. அதே வேளையில், கதை மறைத்ததைப் பாட்டு வெளிப்படுத்திவிடுவதும் உண்டு. பாகவதர் கதையை நிறுத்திவிட்டு ஒரு பல்லவியைச் சங்கதி சங்கதியாகப் பாடும்போது, அந்த இசைப்புலவர் என்ன செய்தார் என்பது அவையின் காதுக்கு நேரே தெரிகிறது. இசைப்பயிற்சி மிக்க பாகவதர்கள் நடத்தும் சரித்திரத்துக்கும் பேச்சுத்திறனை மட்டும் நம்பிய சரித்திரத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவேயாகும்.

கருத்துகள்

தியாகராஜரின் இசைக் கொள்கை நாதோபாசனை எனப்படும். ஓசையே இறைவனின் உடல், இசையறிவே வழிபாடு, அன்பில்லாத இசையறிவு நன்னெறி ஆகாது என்பன அதன் அடிப்படைகள். இக்கருத்துகளைச் சொல்லும் சித்தரஞ்சனி, தன்யாசி, சாரமதி இராகக் கிருதிகள் பொதுவாக முன்னுரைப் பகுதியில் எடுத்தாளப்படுகின்றன. கச்சேரியில் இப்பாடல்களைக் கேட்பவருக்குப் பெரும்பாலும் இராகமே எட்டும். கதாகாலட்சேபத்தில் ஒரு வரியைப் பாடி, தமிழில் பொருள் சொல்லி, உவமை காட்டி, மீண்டும் அதே வரியைப் பாடும்போது கருத்தும் எட்டுகிறது.

பாடல்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் சில வடமொழியிலும் உள்ளமையால் இது சிறு பணியன்று. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில், பொருள் விளங்காத மொழியில் பாடல் கேட்பதால் பயன் என்ன என்ற வினா வலுவாக எழுந்தது. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்ற அவ்வியக்கத்தின் கோரிக்கைக்குக் கதாகாலட்சேபம் விடையாகாது. எனினும், காவிரிக் கரையில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய ஒருவரைத் தமிழ்ச் சிற்றூர் மக்களுக்கு அறிமுகம் செய்ததில் பாகவதர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

தியாகராஜரே இரண்டு இசை நாடகங்களை இயற்றியவர் என்பதைப் பல சரித்திரங்கள் ஓரிரு சொற்களில் கடந்துவிடுவது வியப்புக்குரியது. "நௌகா சரித்திரம்" யமுனையில் கண்ணனோடு ஓடம் ஏறிய கோபியரின் செருக்கு அடங்குவதைச் சொல்கிறது. பாகவத புராணத்தில் இல்லாத கதை இது. "பிரகலாத பக்தி விசயம்" என்ற நாடகத்தில் இரணியன் மேடைக்கே வருவதில்லை. தூணிலிருந்து நரசிங்கம் தோன்றும் காட்சியும் கிடையாது. நாகபாசத்தால் கட்டுண்டு கடலில் எறியப்பட்ட பிரகலாதனின் மனநிலையே நாடகம். எல்லோரும் எதிர்பார்க்கும் காட்சியை விலக்கிவிட்டு நாடகம் அமைத்த இத்துணிவு, அவருடைய வாழ்க்கையை மேடையேற்றியோருக்கு வாய்க்கவில்லை.

திருவையாறும் பாகவதர்களும்

தியாகராஜரின் நினைவு நாளான தைத்திங்கள் தேய்பிறைப் பஞ்சமியை ஒட்டித் திருவையாற்றில் ஆராதனை விழா நடைபெறுகிறது. கதாகாலட்சேபம் அவ்விழாவோடு நெருங்கிய தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழாவை நடத்தியோர் பெரிய கட்சி, சின்ன கட்சி என இரண்டாகப் பிரிந்திருந்தனர். பெண்கள் அங்கே பாட இடமில்லை. 1920களில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுச் சமாதிக் கோயிலை எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கும் (1878 - 1952) அந்த இடம் கிடைக்கவில்லை. அவர் பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940ஆம் ஆண்டளவில் பிரிவுகள் ஒன்றிணைந்தன. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, சிரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கிருதிகளை ஆடவரும் பெண்டிரும் சேர்ந்து பாடும் வழக்கம் அதன் பின்னர் நிலைபெற்றது.

அரிகதை மேடையிலும் பெண்கள் எளிதில் இடம் பெறவில்லை. நின்று, பேசி, நடித்துக் காட்டும் கலை பெண்ணுக்கு ஒவ்வாது என்ற எதிர்ப்பை மீறி மேடையேறிய முன்னோடி சி. சரசுவதி பாய் ஆவார். அவருக்குப் பின் பன்னிபாய், கமலா மூர்த்தி முதலியோர் புகழ் பெற்றனர். ஆண்களில் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர், டி. எஸ். பாலகிருஷ்ண சாஸ்திரிகள், எம்பார் விசயராகவாச்சாரியார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முன்னணிக் கதாகாலட்சேபக் கலைஞர்கள். இன்றைய தலைமுறையில் இலால்குடி செயராமனிடம் இசை பயின்ற விசாகா ஹரி பரவலாக அறியப்பட்டவர்.

திரைப்படங்களில்

மேடைச் சரித்திரத்தின் கதைப்போக்கைத் திரைப்படங்களும் எடுத்துக்கொண்டன. சித்தூர் வி. நாகையா இயக்கி நடித்த "தியாகய்யா" என்ற தெலுங்குத் திரைப்படம் 1946இல் வெளிவந்தது. பாடத் தெரிந்த நடிகர் ஒருவரே தியாகராஜராகத் தோன்றியது அதன் பலம். 1981இல் பாப்பு அதே பெயரில் இயக்கிய தெலுங்குத் திரைப்படத்தில் ஜே. வி. சோமயாசுலு தியாகராஜராக நடித்தார். திரைப்படத்தில் காவிரியும் அரண்மனையும் கண்ணுக்கு நேரே காட்டப்படுகின்றன. கதாகாலட்சேபத்திலோ பாகவதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அடி முன்வைத்தால் அவையோர் அதனையே காவிரியின் படித்துறையாகக் கொள்கின்றனர்.